பணிமேசை நம் கைக்கு அடங்க வேண்டும்

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர் வீடுகளில் இப்போது பரவலாகக் கேட்கிற கேள்வி ஒன்று: "நல்லா ஓடிக்கிட்டிருக்கிற கம்ப்யூட்டரை இனிமே என்ன செய்யறது?" விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலியும் வேண்டும். பழுது பார்க்கும் இடத்தில் கேட்டால், "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்கிறார்கள். ஓட்டை விழுந்த பித்தளைக் குடத்தைக்கூடப் பற்றவைத்துக் கொடுக்கிற பாத்திரத் தொழிலில் 40 ஆண்டு இருந்தவன் நான். ஓட்டையே விழாத குடத்தைத் தூக்கிப் போடச் சொன்னால் மனம் ஒப்புமா?

லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பெரியவர்கள் தயங்குகிறார்கள். கேட்டுப் பார்த்தால் அந்தத் தயக்கம் இயந்திரத்தைப் பற்றியதே அல்ல, திரையைப் பற்றியது. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்குமா, மூடும் பொத்தான் எங்கே இருக்கும், தமிழ் தெரியுமா என்பவைதான் அவர்களின் கவலை. அந்தக் கவலைக்கு உரிய விடையே இக்கட்டுரை.

நான் கணினி படித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புக்காக அகமதாபாத் வந்து கடை வைத்தவன். ஸ்ரீபுராணம் போன்ற மணிப்பிரவாள நூல்களைத் தட்டச்சு செய்து வைக்க வேண்டும் என்ற ஆசையால் கணினிக்குள் நுழைந்தவன். ஆகையால் இங்கே நிபுணரின் மொழி இராது. புழங்குகிறவனின் மொழிதான் இருக்கும்.

சரக்கு வேறு, அலமாரி வேறு

ஆங்கிலத்தில் டெஸ்க்டாப் என்விரான்மென்ட் என்று சொல்வதை இங்கே பணிமேசை என்று எழுதுகிறேன். திரையின் ஓரத்தில் இருக்கும் பட்டை, அதில் மணி காட்டும் கடிகாரம், நிரல்களைத் திறக்கும் மெனு, கோப்புகளை அடுக்கிக் காட்டும் மேலாளர், ஒவ்வொரு சாளரத்துக்கும் உள்ள தலைப்பும் மூடும் பொத்தானும், அமைப்புகளை மாற்றும் இடம் ஆகிய இவை எல்லாம் சேர்ந்த தொகுப்பே பணிமேசை.

விண்டோசில் இயங்குதளமும் மேசையும் ஒரே பொட்டலமாக வரும். யூனிக்ஸ் வழிவந்தவற்றில் அப்படி இல்லை. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் தொடங்கியது யூனிக்ஸ். அதன் போக்கைப் பின்பற்றி 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது லினக்ஸ் கரு. ஃப்ரீபிஎஸ்டி என்பதும் இந்தக் குடும்பமே. ஆப்பிளின் மேக் கணினிக்குள்ளும் யூனிக்ஸ்தான் இருக்கிறது. ஆனால் அதன் மேசையைக் கழற்றி வேறொன்றை மாட்ட ஆப்பிள் இடம் தருவதில்லை. லினக்சிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் தாராளமாக மாட்டலாம்.

காரணம், இவை அடுக்கடுக்காகக் கட்டப்பட்டவை. அடியில் இருப்பது கரு. நினைவகம், வட்டு, விசைப்பலகை எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். அதன் மேல் திரையில் வரைகிற அடுக்கு. 1984-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்த எக்ஸ் சாளர முறைமை நெடுங்காலம் இந்த வேலையைச் செய்தது. 1987-இல் வந்த அதன் 11-ஆம் பதிப்பே இன்றைக்கும் எக்ஸ் 11 என்று வழங்குகிறது. 2008-இல் தொடங்கிய வேலண்ட் அந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. அதற்கு மேல் சாளரங்களை நகர்த்தி அடுக்கும் சாளர மேலாளர். எல்லாவற்றுக்கும் மேலே பட்டை, மெனு முதலியன.

எக்ஸ் முறைமையை ஆக்கியவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். திரையில் எப்படி வரைவது என்பதை மட்டும் தாங்கள் வகுப்பது. பொத்தான் எங்கே இருக்க வேண்டும், சாளரம் எப்படித் தோன்ற வேண்டும் என்பதை மேலே வருகிறவர்களுக்கு விட்டுவிடுவது. இந்த ஒரு முடிவினால்தான் பிற்காலத்தில் இத்தனை மேசைகள் பிறந்தன.

நம் கடைக் கணக்கில் சொன்னால், கட்டடமும் மின்சாரமும் கரு. அலமாரி அடுக்கு பணிமேசை. சரக்கு உங்கள் கோப்புகள். அலமாரியை மாற்றினால் சரக்கு காணாமல் போகாது. உங்கள் கடிதங்களும் படங்களும் ஹோம் என்ற கோப்புறையில் இருக்கின்றன. எந்த மேசையில் உட்கார்ந்தாலும் அதே கோப்புகள்தாம். இது ஒன்று மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

இத்தனை மேசைகள் எப்படி வந்தன?

1996 அக்டோபரில் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிக், சாதாரண மக்கள் புழங்கத்தக்க ஒரு மேசையை யூனிக்சுக்கு ஆக்கவேண்டும் என்று அறிவித்தார். அதுவே கேடிஈ. இதை ஆக்க அவர்கள் எடுத்துக்கொண்ட கருவித்தொகுதி க்யூட்டி. அதன் உரிமம் அப்போது முழுச் சுதந்திர மென்பொருள் உரிமமாக இல்லை. "அடித்தளம் அடுத்தவர் கையில் இருக்கலாமா?" என்று எழுந்த கேள்வியின் விளைவாக, 1997 ஆகஸ்டில் மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் டி இகாசா, ஃபெடரிக்கோ மேனா ஆகியோர் ஜிடிகே என்ற கருவித்தொகுதியைக் கொண்டு க்னோம் மேசையைத் தொடங்கினார்கள். 2000-ஆம் ஆண்டில் க்யூட்டியும் பொதுமக்கள் உரிமமான ஜிபிஎல்லின் கீழ் வந்துவிட்டது. சண்டை தீர்ந்தது, ஆனால் இரண்டு மரபுகள் நிலைத்துவிட்டன.

இவற்றுக்கு இணையாக 1996-இலேயே ஒலிவியே ஃபூர்தான் தொடங்கிய எக்ஸ்எஃப்சிஈ, எளிமையை வழியாகக் கொண்டது. 2006-இல் தைவானின் ஹாங் ஜென் யீ எளிய கணினிகளுக்காக எல்எக்ஸ்டிஈ செய்தார். அதன் வழிவந்தது 2014-இல் முதல் வெளியீடு கண்ட எல்எக்ஸ்க்யூட்டி.

நமக்குப் பாடமாக அமைந்த நிகழ்ச்சி 2011-இல் நடந்தது. அந்த ஏப்ரலில் க்னோம் 3 வந்தபோது, மக்கள் பழகியிருந்த பட்டையும் மெனுவும் போயின. சாளரத்தைச் சுருக்கும் பொத்தானும் இயல்பில் காணோம். புதிய முறையை விரும்பியவர்களும் உண்டு, கோபப்பட்டவர்களும் உண்டு. விற்பனைப் பொருளாக இருந்திருந்தால் கோபப்பட்டவர் பாடு முணுமுணுப்போடு முடிந்திருக்கும். இங்கோ மூலநிரல் எல்லார் கையிலும் இருந்தது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனர் பழைய க்னோம் 2-இன் நிரலை எடுத்து மாத்தே என்ற பெயரில் தொடர்ந்து நடத்தினார். லினக்ஸ் மின்ட் குழுவினர் புதிய தொழில்நுட்பத்தின் மேல் பழைய ஒழுங்கை வைத்துச் சின்னமன் என்ற மேசையை ஆக்கினார்கள். இரண்டும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன. பழக்கத்தை விடமாட்டேன் என்று ஒரு கூட்டம் சொன்னால், அதற்கும் இடம் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

தேர்ந்தெடுக்கும் முறை

எது சிறந்த மேசை என்று கேட்டால் விடை கிடையாது. எந்தக் கணினிக்கு, யாருக்கு, எந்த வேலைக்கு என்று மூன்று கேள்வி கேட்டால் விடை தானே வரும்.

முதலில் கணினி. அதன் நினைவகம் எத்தனை ஜிபி என்று பாருங்கள். என் அனுபவத்தில் 2 ஜிபி உள்ளதற்கு எல்எக்ஸ்க்யூட்டி அல்லது எக்ஸ்எஃப்சிஈ. 4 ஜிபி உள்ளதற்கு எக்ஸ்எஃப்சிஈ, மாத்தே, கொஞ்சம் பொறுமையிருந்தால் சின்னமன். 8 ஜிபியும் அதற்கு மேலும் இருந்தால் க்னோம், கேடிஈயின் பிளாஸ்மா உட்பட எதுவும் சரிதான். ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். மேசை எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும், இணைய உலாவியில் பத்துப் பக்கத்தைத் திறந்து வைத்தால் அது நினைவகத்தை விழுங்கிவிடும். மேசையை மாற்றிக் கிடைக்கிற வேகத்தைவிட, சுழல்வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கிற வேகம் பெரிது. மிகப் பழைய 32-பிட் கணினியானால் வேறு சிக்கல்: 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, அவற்றுக்கு நிறுவியே தரவில்லை. உங்கள் கணினி 64-பிட் தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

அடுத்தது ஆள். பல ஆண்டு விண்டோஸ் பழகிய பெரியவருக்குச் சின்னமன் ஏற்றது. கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று பழகிய இடத்திலேயே எல்லாம் இருக்கும். பிளாஸ்மாவும் இயல்பில் அதே அமைப்புத்தான். ஆனால் அதில் மாற்றத்தக்கவை மிக அதிகம். நோண்டிப் பார்க்கும் ஆசையுள்ள கல்லூரிப் பிள்ளைக்கு அது விருந்து. கை தவறி எதையாவது இழுத்துவிடுகிறவருக்குத் தலைவலி. க்னோம் நேர்மாறு. மாற்ற இடம் குறைவு. விண்டோஸ் படம் போட்ட விசையை அழுத்தினால் திறந்திருக்கிறவை எல்லாம் பரப்பித் தெரியும், தேட வேண்டியதை அங்கேயே தட்டலாம். கணினியே பழகாதவர் இதை விரைவில் பிடித்துக்கொள்கிறார், விண்டோஸ் பழகியவர்தான் "பட்டை எங்கேங்க?" என்று தேடுகிறார். எக்ஸ்எஃப்சிஈ பல ஆண்டாகப் பெரிதாக முகம் மாறாதது. இன்று கற்றுக்கொடுத்தது ஐந்து ஆண்டு கழித்தும் செல்லுபடியாக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அது நல்லது.

மூன்றாவது வேலை. கடிதம் எழுதுவது, இணையம் பார்ப்பது, படம் பார்ப்பது, பிள்ளைகள் படிப்பது ஆகியவற்றுக்கு எந்த மேசையும் போதும். ஆனால் வியாபாரிகளுக்கு ஒரு சொல். கடைக் கணக்குக்கு விண்டோசில் மட்டுமே ஓடுகிற மென்பொருள் வைத்திருந்தால், அல்லது மின்கையொப்பக் கருவி விண்டோசையே நம்பியிருந்தால், கடைக் கணினியில் கை வைக்காதீர்கள். வீட்டுக் கணினியில் தொடங்குங்கள். கணக்கு முடிக்கிற மார்ச் மாதத்தில் எந்த மாற்றமும் வேண்டாம்.

முடிவு செய்யுமுன் காசு செலவில்லாமல் பார்த்துவிடலாம். லினக்ஸ் மின்ட் அமைப்பினர் சின்னமன், மாத்தே, எக்ஸ்எஃப்சிஈ என மூன்று மேசைகளோடு தனித்தனி வழங்கல்கள் தருகிறார்கள். அவற்றைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கி உட்கார்ந்து பார்க்கலாம். நிறுவு என்ற பொத்தானை அழுத்தாதவரை வட்டில் உள்ளது அப்படியே இருக்கும். டெபியன் நிறுவியோ, நிறுவும்போதே எந்த மேசை வேண்டும் என்று பட்டியல் காட்டிக் கேட்கும். ஒன்றுக்கு மேல் நிறுவியிருந்தால், கடவுச்சொல் கொடுக்கும் திரையில் ஒரு பல்சக்கரப் படமோ சிறு பட்டியலோ இருக்கும். அன்றைக்கு எந்த மேசை என்று அங்கே தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம்.

திருத்தும்போது கடைப்பிடிக்க வேண்டியவை

புதிதாகக் கடை பிடித்தவுடன் எல்லா அலமாரியையும் ஒரே நாளில் இடம் மாற்றினால், மறுநாள் வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது நமக்கே பொருள் கிடைக்காது. கணினியிலும் அதேதான். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் போதும். செய்ததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

முதல் மாற்றம் எழுத்தின் அளவாக இருக்கட்டும். நம் எழுத்தில் சுழிகள் அதிகம். ஆங்கிலம் தெளிவாகத் தெரியும் அளவில் ன, ண இரண்டும் வயதானவர் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். க்னோமில் அணுகல் அமைப்புகளில் பெரிய எழுத்து என்று ஒரு சொடுக்கு உண்டு. பிளாஸ்மாவில் திரையையே 125 விழுக்காடாகப் பெரிதாக்கலாம். எக்ஸ்எஃப்சிஈயில் தோற்றம் என்ற அமைப்பில் எழுத்துருப் பக்கத்துக்குப் போய், வழக்கமான 96 டிபிஐ என்பதை 120 என்று மாற்றினால் எல்லா எழுத்தும் ஒருசேரப் பெரிதாகும்.

இரண்டாவது, பட்டை. நாள்தோறும் தொடுகிற நான்கைந்து நிரல்களை மட்டும் அதில் வையுங்கள். வைத்து முடித்ததும் எக்ஸ்எஃப்சிஈ பட்டையின் அமைப்பில் பூட்டு என்று ஒரு குறி இருக்கும். அதைப் போட்டுவிட்டால் பேரன் கை பட்டாலும் பட்டை நகராது.

மூன்றாவது, மெய்நிகர் மேசைகள். ஒரே திரையில் இரண்டு மூன்று மேசைகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் கணக்கு, மற்றொன்றில் எழுத்துப்பணி என்று பிரிக்கலாம். பல யூனிக்ஸ் மேசைகளில் நெடுநாளாக இருக்கும் வசதி இது. நான் நூலைத் தட்டச்சு செய்யும்போது முதல் மேசையில் ஏட்டின் படம், இரண்டாவதில் அகராதி என்று வைத்துக்கொள்வேன்.

நான்காவதாக அழகு வேலை. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். மேசைக்கான தோற்றத் தொகுப்புகளையும் நீட்சிகளையும் யார்யாரோ எழுதிப் பொதுவில் வைக்கிறார்கள். அவற்றில் சில, வெறும் படம் அல்ல. உங்கள் கணினியில் கட்டளை ஓட்டக்கூடியவை. 2024 மார்ச்சில் கேடிஈயின் பொதுக் கிடங்கிலிருந்து இறக்கிய ஒரு தோற்றத் தொகுப்பு, ஒரு பயனரின் கோப்புகளையே அழித்துவிட்டது. அதன் பிறகு கேடிஈ குழுவினரே எச்சரிக்கை தந்தார்கள். உங்கள் லினக்ஸ் வழங்கலின் சொந்தக் கிடங்கில் உள்ளதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். க்னோம் நீட்சிகளில் வேறொரு தொல்லை. க்னோம் ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதுப்பதிப்பு காண்பது. அப்போது நீட்சியை எழுதியவர் அதைத் திருத்தித் தராவிட்டால் அது வேலை செய்யாது. ஏழெட்டு நீட்சி போட்டால்தான் க்னோம் பிடிக்கிறது என்றால், உங்களுக்கு வேண்டியது க்னோம் அல்ல, சின்னமன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்கிற திருத்தங்களில் பெரும்பாலானவை ஹோம் கோப்புறைக்குள் கான்ஃபிக் என்ற மறைகோப்புறையில் பதிவாகின்றன. அதன் பெயர் புள்ளியில் தொடங்கும். கோப்பு மேலாளரில் கன்ட்ரோல் விசையோடு ஹெச் அழுத்தினால் பெரும்பாலான மேசைகளில் அது கண்ணுக்குத் தெரியும். மாதம் ஒருமுறை கோப்புகளை நகல் எடுக்கும்போது இதையும் சேர்த்து நகல் எடுங்கள்.

ஏதாவது குழம்பிப்போனால் பதற வேண்டாம். புதிதாக ஒரு பயனர் கணக்கு உண்டாக்கி, அதில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தால் குறை உங்கள் திருத்தத்தில்தான், இயங்குதளத்தில் இல்லை. அங்கேயும் குறை இருந்தால் விவரம் அறிந்தவரை அழைக்க வேண்டியதுதான். கணினியை அழித்து மறுபடி நிறுவலாம் என்று யாராவது சொன்னால், இந்தச் சோதனையைச் செய்தீர்களா என்று கேளுங்கள்.

தமிழ் தெரியவும் எழுதவும்

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதுவே முக்கியப் பகுதி. மூன்று வேலைகளைப் பிரித்து அறிய வேண்டும்: தமிழைக் காட்டுவது, தமிழில் எழுதுவது, மேசையே தமிழில் பேசுவது.

காட்டுவதற்கு எழுத்துரு வேண்டும். லோகித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் ஆகியன பெரும்பாலான வழங்கல்களின் கிடங்கில் கிடைக்கும். நிறுவியதும் கொ, கௌ, க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் உரிய இடத்தில் அமர்ந்தால் சரி. மணிப்பிரவாள நூல்களோடு பழகுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2005-இல் யூனிக்கோடு 4.1 பதிப்பில் ஶ என்னும் எழுத்து சேர்க்கப்பட்டது. அதன்பின் ஸ்ரீ என்பதை ஸ-வைக் கொண்டும் எழுதலாம், ஶ-வைக் கொண்டும் எழுதலாம் என்றாகிவிட்டது. பல எழுத்துருக்களில் இரண்டும் பார்வைக்கு ஒன்றே. ஆனால் தேடும்போது ஒன்றைக் கொடுத்தால் மற்றது அகப்படாது. ஒரு நூல் முழுதும் ஒரே முறையைக் கடைப்பிடிப்பது நல்லது.

1990-களிலும் அதை அடுத்தும் டிஸ்கி, டாப், டாம் முதலிய குறியாக்கங்களில் தட்டச்சான கோப்புகளை எந்த மேசையில் திறந்தாலும் புரியாத குறிகளாகத்தான் தெரியும். அதற்குப் புது மேசை மருந்தல்ல. யூனிக்கோடாக மாற்றும் மாற்றி வேண்டும். சங்கங்களின் பழைய மலர்க் கோப்புகளை வைத்திருப்பவர்கள், அவற்றின் எழுத்துரு எது என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது.

எழுதுவதற்கு விசைப்பலகை அமைப்பு வேண்டும். அமைப்புகளில் விசைப்பலகை என்ற இடத்தில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட் முதலியன தெரியும். ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலும் எம்17என் என்ற தொகுதியும் நிறுவினால் ஒலிபெயர்ப்பு முறையும் கிடைக்கும். க்னோமில் ஐபஸ் உள்ளேயே இணைந்திருக்கிறது. விண்டோஸ் விசையோடு இடைவெளிப் பட்டையை அழுத்தினால் மொழி மாறும். எக்ஸ்எஃப்சிஈ போன்றவற்றில் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

தமிழ் மட்டும் எழுதுகிறவருக்கு 1999-இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 மிகச் சிறந்தது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். ஆனால் குஜராத்தி, இந்தி, தமிழ் மூன்றும் எழுத வேண்டிய என் போன்றவர்க்கு இன்ஸ்கிரிப்ட் பயன் தருகிறது. அதில் க-வுக்குரிய விசை மூன்று மொழியிலும் ஒன்றே; ம-வும் அப்படியே. விரலை ஒருமுறை பழக்கினால் மூன்று மொழிக்கும் ஆயிற்று. கொல்கத்தாவில் வங்காளமும், பெங்களூரில் கன்னடமும் எழுதுகிற நம்மவர்க்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, மேசையே தமிழில் பேசுவது. க்னோம், கேடிஈ முதலியவற்றைத் தன்னார்வலர்கள் தமிழாக்கியிருக்கிறார்கள். சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு ஆக்கி 2007-இல் முதலில் வெளியிட்ட பாஸ் லினக்சும் இந்திய மொழிகளை முன்வைத்தே வந்தது. தமிழாக்கம் எல்லா இடத்திலும் முழுமையாக இராது. சில சொற்கள் நமக்குப் புதிதாகவும் இருக்கும். அதற்காக ஒதுக்க வேண்டாம். மொழி அமைப்பு ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனி என்பதால், வேண்டியவர் மட்டும் வைத்துக்கொள்ளலாம். மொழி வேறு, எண் வடிவம் வேறு என்பதையும் கவனியுங்கள். மொழியை ஆங்கிலமாகவே விட்டு, வடிவம் என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் தேதியும் ரூபாயும் நம் முறையில் வரும். எண்ணும் 1,00,000 என்று நம் கணக்குப்படி பிரிந்து நிற்கும்.

ஒரே கணினி, நான்கு பேர்

நம் வீடுகளில் ஒரே கணினியைக் குடும்பமே புழங்கும். எல்லாரும் ஒரே கணக்கில் நுழைவதால்தான், மேசையை ஒருவர் மாற்றியதும் மற்றவர் முகம் சுளிக்கிறார். ஆளுக்கொரு கணக்கு போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் எனக்கு எக்ஸ்எஃப்சிஈ. மருமகளின் அலுவலக வேலைக்குப் பிளாஸ்மா. வீட்டுக்காரம்மாவுக்குப் பெரிய எழுத்தும் நான்கே படவுருக்களும் உள்ள சின்னமன். கண்பார்வை குறைந்தவர்களுக்கு ஆர்க்கா என்ற திரை வாசிப்பானும், தமிழ் உச்சரிக்கும் ஈஸ்பீக் என்ற பேச்சு நிரலும் இருக்கின்றன. குரல் இயந்திரம்போல ஒலித்தாலும் உதவும்.

பத்து வயதுப் பேரனின் கணக்கை மட்டும் தமிழில் வைத்திருக்கிறோம். அவன் பள்ளியில் குஜராத்தியும் ஆங்கிலமும் இந்தியும்தான், தமிழ் கிடையாது. பேசுவான், எழுத்து தெரியாது. இப்போது கோப்பு, திற, சேமி, மூடு என்ற சொற்களை அவன் நாள்தோறும் நூறு முறை பார்க்கிறான். முதலில் இடத்தை வைத்துத்தான் சொடுக்கினான். கொஞ்ச நாளில் "தாத்தா, மூடு-ல இருக்கிற மூ-வும் மூணு-ல வர்ற மூ-வும் ஒண்ணுதானே?" என்று கேட்டான். இது தமிழ் வகுப்புக்கு ஈடாகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தெருப் பலகையிலும் பேருந்திலும் தமிழே காணாத ஊரில், வீட்டுக்குள் ஒரு பலகையாவது தமிழில் இருக்கிறது. அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை நம் கையில் இருப்பது சாதாரணமானதல்ல.

அரசுகளும் இந்த வழியில் நடந்ததுண்டு. கேரளத்து அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகச் சுதந்திர மென்பொருளிலேயே கணினி கற்பிக்கின்றன. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு பாஸ் லினக்சையும் சேர்த்துத் தந்தார்கள். ஆனால் பள்ளியோ அரசோ தருகிற மேசை பொதுவான மேசை. அதை நம் வீட்டு ஒழுங்குக்கு ஏற்ப அமைப்பது நாம் செய்ய வேண்டிய வேலை.

ஆகவே நல்ல கணினியைப் பழைய சாமான்காரரிடம் எடை போடுமுன், முதலில் கோப்புகளை வெளி வட்டில் நகல் எடுங்கள். ஒரு பென் டிரைவில் ஒரு லினக்சை ஏற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள். திரை, ஒலி, வைஃபை, பிரிண்டர் நான்கும் வேலை செய்கின்றனவா என்று சோதியுங்கள். பிறகு யாருக்கு எந்த மேசை என்று அவரவரையே கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் பென் டிரைவை உருவிவிட்டால் போதும். பழைய கணினி பழையபடி இருக்கும். பிடித்துவிட்டால் இன்னும் ஐந்தாறு ஆண்டு அந்தக் கணினி உங்கள் வீட்டில் உழைக்கும்.